காத்திருக்கத் தேவையில்லை

அந்த விளையாட்டில் கடை இல்லை.

அவள் முதலில் நம்பவில்லை. இலவசம் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு, உள்ளே நுழைந்ததும் கடை விரிக்காத ஒரு விளையாட்டை அவள் இதுவரை பார்த்ததில்லை. செல்போன் விளையாட்டுகளைப் பற்றி ஓர் இணையதளத்தில் ‘முதல் பார்வை’ எழுதுவது அவள் பிழைப்பு. புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாக இறங்கி, அதன் குலம் கோத்திரத்தைக் கிளறிவிட்டு வந்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பண்ணை விளையாட்டுகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. விதைக்க விடுவார்கள், தண்ணீர் ஊற்ற விடுவார்கள், பயிர் பாதி வளர்ந்ததும் ‘நாலு மணி நேரம் பொறு, இல்லையென்றால் காசை எடு’ என்பார்கள். அங்கேதான் கடை இருக்கும். இதில் மூலை முடுக்கெல்லாம் தட்டிப் பார்த்தும் கடை அகப்படவில்லை.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு பாத்திக்கும் கீழே ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. ‘இப்போதே விளையட்டும்’ என்று அதில் எழுதியிருந்தது. தொட்டால் கீரை தளதளவென்று எழுந்து நின்றது. ‘எடுத்துக்கொண்டோம், நன்றி’ என்று திரையின் அடியில் ஒரு வரி வந்து மறைந்தது.

“எதைடா எடுத்துக்கிட்டீங்க, நான்தான் ஒண்ணுமே குடுக்கலையே,” என்று அவள் போனைப் பார்த்துச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் மகளையும் அலுவலகத்துக்குக் கூட்டிவந்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிற அந்தப் பெண்ணுக்கு வீட்டிலும் வெளியிலும் வாண்டு என்றுதான் பெயர். புது விளையாட்டு எதுவானாலும் முதல் தொடுதல் வாண்டுடையதாக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் பழக்கம். மகளுக்குக் கைராசி என்று ஒரு நம்பிக்கை. வாண்டு தொட்டு ஆரம்பித்த விளையாட்டுகளைப் பற்றி எழுதியதையெல்லாம் கூட்டம் கூட்டமாக வந்து படித்திருக்கிறார்கள். இந்த விளையாட்டும் திறந்தவுடன் ‘விதைப்பவர் விரலை வைக்கவும்’ என்று கேட்டது. வாண்டு கட்டைவிரலை அழுத்தினாள். போன் லேசாக அதிர்ந்தது. அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“கடிக்குதும்மா.”

“போன் எங்கயாவது கடிக்குமாடி? வாண்டு, உன்னை யாரு கடிக்க முடியும், நீ கடிக்காம இருந்தா பத்தாதா,” என்றாள் அம்மா. அந்த விரல்நுனியை ஒருமுறை திருப்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

விளையாட்டு அழகாகத்தான் இருந்தது. கிணற்றில் ராட்டினம் கிறீச்சிடும் சத்தம், கோழிகள் மண்ணைச் சீய்க்கும் சத்தம், தூரத்தில் எங்கோ மழை பெய்துகொண்டிருப்பதைப் போன்ற ஓர் இரைச்சல், இவற்றுக்கெல்லாம் நடுவே வேலியோரமாக முதுகைக் காட்டி நிற்கும் ஒரு சின்னப் பெண். மஞ்சள் கவுன். அவளைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை, திரும்பவும் மாட்டேன் என்கிறாள். சும்மா அழகுக்கு வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் குறிப்பு எழுதினாள். அறையில் ஈரமண் வாசனை அடித்தது. தரை துடைத்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை கட்டுரை போக வேண்டும். பிந்தைய கட்டங்களையும் பார்த்தால்தான் எழுத முடியும். அதற்கு அந்த அலுவலகத்தில் எல்லாரும் செய்கிற ஒரு வேலை உண்டு. திரையில் எந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிறோமோ அந்த இடத்தை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிற ஒரு சின்னச் செயலி. தட்டான் என்று அதற்குச் செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். இந்த விளையாட்டில் அறுத்ததும் நிலம் தானாகவே அடுத்ததை விதைத்துக்கொள்கிறது, பச்சைப் பொத்தானைத் தட்டினால் மட்டும் போதும். அவள் தட்டானை அந்தப் பொத்தானின் மேல் உட்கார வைத்தாள். சோதனை போன்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது எடிட்டரின் கண்டிப்பு. உள்ளறை இரும்புத் தட்டில், சார்ஜர் கயிற்றில் கட்டிப்போட்ட ஆடுகள் மாதிரி மற்ற போன்கள் கிடந்த வரிசையில் இதையும் கிடத்தினாள். உள்ளறைச் சாவி எடிட்டரிடம். அவர் பூட்டிக்கொண்டு போனார். வாண்டு கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்தி, உள்ளே மினுங்கும் சின்ன வெளிச்சத்துக்கு டாட்டா காட்டினாள்.

அன்று சாயங்காலம் மகளுக்கு நகம் வெட்டிவிட்டாள். அது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் வாண்டு நகம் வெட்ட விடாமல் வீட்டையே இரண்டு பண்ணினாள்.

சனிக்கிழமை காலையில் தலைவாரும்போது வாண்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். சுருக்கென்றது. கையில் நாலு கீறல். குழந்தையின் நகங்கள் விரலைத் தாண்டி வெளியே நின்றன. நேற்று நாம் வெட்டியது கனவா என்று அவள் குழம்பினாள். நெற்றிமுடி வேறு கண்ணை மறைத்தது. இப்போதுதானே கத்தரித்தோம். வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி வெட்டினாள். நகத்துண்டுகளைக் குப்பையில் போட்டபோது அவற்றின் அடியில் கறுப்பாக மண் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். நாலாவது மாடி. மண் ஏது?

“அம்மா, பல்லு ஆடுது.”

“ஆடட்டும். விழுந்தா வேற முளைக்கும்டி. பயப்படாதே.”

“கண்டிப்பா முளைக்குமா?”

“கண்டிப்பா.”

சாப்பிட உட்காரும்போது பல் விழுந்துவிட்டது. தட்டில் டங்கென்று ஒரு சத்தம். வாண்டு பெருமையாக வாயைத் திறந்து காட்டினாள். விழுந்த இடத்தில் புதுப் பல் பாதிக்கு மேல் வந்திருந்தது. அவள் குழந்தையின் தாடையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். வாண்டு தட்டைக் காலி செய்துவிட்டு, அம்மாவின் தட்டையும் காலி செய்துவிட்டு, “இன்னும் பசிக்குதும்மா” என்றாள்.

வீட்டில் வேறு ஆளில்லை. வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இஞ்சின் பார்க்கிறவர். கரை கண்டால்தான் அவர் குரல் கேட்கும். மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளை நீளநீளமாகத் தரையில் போட்டிருந்தது. பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அதன் பிறகு வந்த அமைதியில், எங்கிருந்து என்று சொல்ல முடியாதபடி ஒரு ராட்டினம் கிறீச்சிட்டது. வாசனையும் வந்தது. மழைக்கு முந்திய மண்ணின் வாசனை இல்லை, ஆழமாகத் தோண்டிய குழியின் வாசனை. கட்டுரையையாவது எழுதுவோம் என்று அவள் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்தாள். ‘இந்த விளையாட்டு நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. காசில்லை, விளம்பரமில்லை, காத்திருப்புக்கூட இல்லை. சந்தேகப்படுகிறவன் புத்தி நமக்கு எதற்கு?’ என்று நேற்று எழுதிய வரி அப்படியே இருந்தது. தட்டான் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க, தன் போனில் அதே கணக்கைத் திறந்தாள்.

‘உங்கள் பண்ணையில் வேலை நடக்கிறது. நீங்கள் வேடிக்கை பார்க்கலாம்.’

பண்ணை அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. கீரைப் பாத்திகளைக் காணோம். எங்கு பார்த்தாலும் கரும்பு. ஒவ்வொரு பாத்தியின் தலைப்பிலும் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நேற்று நிமிடக்கணக்கில் இருந்தது. இப்போது மாதக்கணக்கு. பச்சைப் பொத்தான் தானாக உள்ளே அமுங்கியது. கரும்பு முதிர்ந்தது. எடுத்துக்கொண்டோம், நன்றி.

வேலியோரத்துப் பெண் வளர்ந்திருந்தாள்.

மஞ்சள் கவுன் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. பின்னல் இடுப்பைத் தொட்டது. முதுகைக் காட்டியே நின்றாள். அம்மா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி வாண்டு நின்றாள். முதுகைக் காட்டி. மஞ்சள் கவுன். காலையில் முழங்காலை மூடியிருந்த கவுன்.

“வாண்டு.”

குழந்தை திரும்பவில்லை. “கால் வலிக்குதும்மா. எலும்புக்குள்ள வலிக்குது.”

திரையில் கரும்பு போய் வாழை வந்தது. காத்திருப்பு: ஓராண்டு. அவள் பொத்தானைத் தன் விரலால் மறைத்தாள். மறைத்து என்ன பயன், தட்டுகிற விரல் ஊரின் மறுகோடியில் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. பொத்தான் அமுங்கியது. ஜன்னலருகே தையல் பிரியும் சத்தம் கேட்டது. மூங்கில் நெட்டி முறிப்பது போல ஒரு சத்தம் அதற்குள் இருந்தது. வாண்டு வீறிட்டாள். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டபோது மகளின் தலை அவள் இடுப்போடு நிற்கவில்லை, மார்புக்கு வந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம். காத்திருக்கத் தேவையில்லை என்றால் அந்தக் காத்திருப்பையெல்லாம் யாரோ ஒருத்தர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். விரல் வைத்தவர்தான் கொடுக்கிறார்.

எடிட்டரைக் கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது. மறுபடி கூப்பிட்டாள். கணக்கிலிருந்து வெளியேற்று என்று தட்டினாள். ‘வேலை முடிந்ததும் வெளியேறலாம்’ என்றது. கணக்கை அழி என்றாள். ‘விதைப்பவரின் விரல் தேவை.’ வாண்டுவின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினாள். அது முன்பிருந்த கட்டைவிரல் இல்லை. ‘விரல் பொருந்தவில்லை’ என்றது. அவள் அழ ஆரம்பித்தாள். அலுவலக வாட்ச்மேனைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, உள்ரூம்ல ஒரு போன் எரிஞ்சுக்கிட்டு இருக்கும். அதை அணைக்கணும். உயிர் போற விஷயம்.”

“உள்ரூம் சாவி சார்கிட்டல்லம்மா இருக்கு. கண்ணாடி வழியா தெரியுது, பச்சையா மினுக்கு மினுக்குங்குது. ஆமா, உள்ள எதாச்சும் செடி வெச்சிருக்கீங்களா? மண்ணு வாசம் தூக்குது.”

“மெயினை அணைச்சிருங்க.”

அவர் போய் அணைத்தார். செருப்புச் சத்தம் போய், திரும்பி வந்தது. அதுவரை அவள் மூச்சு விடவில்லை.

“அணைச்சிட்டேம்மா. எல்லாம் இருட்டு. அது மட்டும் எரியுது.”

சார்ஜரிலேயே கிடந்த போன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறது. ராத்திரி முழுக்கத் தாங்கும்.

“கண்ணாடியை உடைங்க அண்ணா. கால்ல விழறேன்.”

“ஐயோ, அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா. உடைச்சா என் வேலை போயிடும். நீங்க நேர்ல வந்து நில்லுங்க, நானே உடைக்கிறேன்.”

அதற்குள் வாண்டு இன்னும் வளர்ந்துவிட்டாள், கவுனைக் கத்தரித்து எடுக்க வேண்டியிருந்தது. வாண்டு கைகளால் மார்பை மூடிக்கொண்டு தேம்பினாள். தன் உடம்பையே யாரோ அந்நியர் வந்து நிற்பதைப் போல மிரண்டு பார்த்தாள். “இது என்னம்மா, இது ஏன்மா” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா தன் சுடிதாரை அவளுக்கு மாட்டிவிட்டாள். சரியாக இருந்தது. அதுதான் அவளை நிலைகுலைய வைத்தது. துப்பட்டாவைத் தலையோடு போர்த்தி, கையைப் பிடித்து லிஃப்டில் இறக்கினாள். செருப்பு எதுவும் பொருந்தாமல் மகள் வெறுங்காலோடு வந்தாள்.

டாக்சிக்காரர் நல்ல மனிதர். பேச்சில்லாத மனிதர். கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்விழித்தன. பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் சிவப்பு, பின்னால் வெள்ளை. எங்கேயோ ஹாரன். ஒன்றும் நகரவில்லை.

“வேற வழி இருக்கா?”

“எல்லாப் பக்கமும் அடைச்சிருக்கு மேடம். கொஞ்சம் பொறுங்க.”

பொறுங்க. அவள் சிரித்திருப்பாள், இன்னொரு நாளாக இருந்தால்.

போன் மடியில் கிடந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். வாழை போய்விட்டது. மா. காத்திருப்பு: ஐந்து ஆண்டுகள். வேலியோரத்துப் பெண் துப்பட்டா போர்த்தியிருந்தாள். வெறுங்கால்.

பொத்தான் அமுங்கியது.

பக்கத்தில் ஒரு முனகல். அவள் பிடித்திருந்த கை அவள் கைக்குள் பெருத்தது. எலும்பு அகன்றது. விடவில்லை. இறுகப் பிடித்தாள். மகளோடு ரோட்டைத் தாண்டும்போது பிடிப்பாளே, அப்படிப் பிடித்தாள்.

“அம்மா, பயமா இருக்கு.” குரல் கனத்துவிட்டது. பேச்சு மட்டும் அதே பேச்சு. “வீட்டுக்குப் போலாம்மா.”

“போயிடலாம்டி. போயிடலாம். கண்ணை மூடிக்கோ.”

இவள் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிக்கவில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. கடலைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அம்மாவின் மனதுக்குள் அதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. எதையும் தாங்கிப்பிடிக்க முடியவில்லை.

மா. அமுங்கியது. மறுபடி மா. அமுங்கியது.

வண்டி ஒரு முழம் நகர்ந்தது. நின்றது.

தென்னை, மறுபடி தென்னை, மறுபடியும் மறுபடியும் தென்னை. அமுங்கியது.

கைக்குள் இருந்த கையில் சதை வற்றியது. தோல் தளர்ந்தது. நரம்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கையே எல்லாம் சொன்னது, கண் தேவைப்படவில்லை. முட்டிகள் புடைத்தன. நடுக்கம் ஆரம்பித்தது. வண்டிக்குள் குழியின் வாசனை நிரம்பியது.

வாட்ச்மேன் கூப்பிட்டார். “எங்கம்மா இருக்கீங்க? சீக்கிரம் வாங்க. உள்ள யாரோ சின்னப் புள்ள அழுவற மாதிரி கேக்குது.”

“உடைங்க,” என்றாள். குரல் வெளியே வரவில்லை. “உடைங்க.”

தொடர்பு அறுந்தது.

பனை. அவள் கண்ணைத் திறந்திருந்தாள், அது தெரிந்தது. காத்திருப்பு என்ற சொல்லைப் பார்த்தாள். அதன் பக்கத்து எண்ணைப் பார்க்கவில்லை. பச்சை வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்து அணைந்தது.

டாக்சிக்காரர் கண்ணாடியை நிமிர்த்திப் பின்னால் பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம் வந்தது.

“உங்க அம்மாவுக்கு முடியலையா மேடம்? ஜன்னலை இறக்கி விடட்டுமா? வயசானவங்க, காத்து வேணும்.”

அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். துப்பட்டாவுக்குள் வெள்ளை முடி தெரிந்தது. அதற்குக் கீழே, சுருக்கங்களுக்கு நடுவே, மிரண்ட குழந்தையின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. நடுங்கும் கை ஒன்று மெல்ல மேலே வந்து, அவள் முகத்துக்கு நேரே விரிந்தது. உள்ளங்கை நிறையப் பற்கள்.

“அம்மா,” என்றது அந்தப் பொக்கை வாய். “எல்லாம் விழுந்துடுச்சு. முளைக்கும்ல?”

மடியில் கிடந்த திரையில் வேலியோரத்துக் கிழவி முதல் தடவையாக இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஓர் ஆல விதை விழுந்தது. மண் அதை மூடிக்கொண்டது. பச்சைப் பொத்தான் எரிந்தது.